சுங்குடி வியாபாரத்துக்கு வருஷ இலக்கு எப்படி வைப்பது?

வைகைக்கரை கேட்டது:
மதுரையில் சுங்குடிச் சேலை சாயம் போட்டு மொத்தமாக விற்கிறோம். ஏப்ரலிலிருந்து புது வருஷத்துக்கு இலக்கு வைக்கணும். வீட்டுச் செலவும் கடைப் பணமும் ஒரே கல்லாவில் கிடக்கு. எந்தக் கணக்கில் ஆரம்பிப்பது?

கணக்குப்பிள்ளை:
வீட்டிலிருந்து ஆரம்பிங்க தம்பி. வீட்டுக்கு மாசம் 35,000 என்றால் வருஷத்துக்கு 4.2 லட்சம். வாடகை, சம்பளம், கரண்ட், வட்டி 6 லட்சம்னு வைப்போம். துணி, சாயம், துணியில் முடிச்சுப் போடும் கூலி போக நூற்றுக்கு 25 ரூபாய் நின்றால், 10.2 லட்சத்தை 0.25-ஆல் வகுங்க: 40.8 லட்சம். அதுக்குக் கீழே விற்றால் கைமுதல் கரையுது. பிள்ளைகள் ஃபீஸ், கடன் அசல் எல்லாம் இதுக்கு மேலே. அந்த 35,000-ஐ ஒண்ணாம் தேதியே தனிக் கணக்குக்கு மாத்திடுங்க, அப்புறம் கல்லாவில் கை வைக்கக் கூடாது.

புதுமண்டபத்தான்:
அண்ணன் சொன்ன 40.8-ஐ 12-ஆல் வகுத்துடாதீங்க, அங்கேதான் எல்லாரும் சறுக்குறாங்க. பருத்திச் சேலை வெயில் காலச் சரக்கு. சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கு விற்கணும்னா பங்குனியிலேயே அடுக்கில் இருக்கணும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாயத் துணி காயாது, ஈரத்தோடு மடித்தால் கறை ஏறும். ஆக, தை முதல் பங்குனி வரை பணம் துணியிலும் கூலியிலும் முடங்கும். வெளியூர்க் கடைகளின் தீபாவளிப் பாக்கியைப் பொங்கலுக்குள் வசூலிப்பதையும் ஓர் இலக்கா எழுதுங்க.

கணக்குப்பிள்ளை:
சரியான பேச்சு. வருஷ வருமான வரி 10,000 அல்லது அதுக்கு மேல் வந்தால் அட்வான்ஸ் டாக்ஸ், அதாவது வரியை முன்கூட்டியே தவணையில் கட்டுறது உண்டு: ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாசங்களில் 15-ஆம் தேதிக்குள். விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம்னு உத்தேசமாகக் காட்டுறவங்க (1961 சட்டத்தில் 44ஏடி பிரிவு) மார்ச் 15-க்குள் மொத்தமாகக் கட்டலாம், ஆனால் அது சரக்கில் பணம் முடங்கும் அதே நேரம். தீபாவளி வசூலிலேயே எடுத்து வைங்க.