மியூனிக் – டுப்ரோவ்னிக் வாடகைக் கார்: வின்யெட் குழப்பம், சிங்கிள் என்ட்ரி விசா – உதவி தேவை

இசார்க்கரை:
வணக்கம். ஜூலை முதல் சனிக்கிழமை மியூனிக் ஏர்போர்ட்டில் கார் எடுத்து குரோஷியாவின் டுப்ரோவ்னிக் வரை போய், அடுத்த வாரம் ஞாயிறு திரும்புகிறோம். மொத்தம் 9 நாள். நாங்கள் இரண்டு பேர், 6 வயதுப் பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா. லுப்லியானாவில் 1 இரவு, ஸ்ப்லிட்டில் 3, டுப்ரோவ்னிக்கில் 3, திரும்பும்போது ஸாக்ரெப்பில் 1. நடுவில் ஒருநாள் போஸ்னியாவின் மோஸ்டார் பாலம் பார்த்துவிட்டு வரலாம் என்று யோசனை.

எங்களிடம் ஜெர்மன் ரெசிடென்ஸ் கார்டு இருக்கிறது. அப்பா, அம்மாவுக்கு சிங்கிள் என்ட்ரி ஷெங்கன் விசா (பொது விசா கொண்ட ஐரோப்பிய நாடுகளின் வட்டத்துக்குள் ஒரே ஒரு முறைதான் நுழையலாம்).

ஆஸ்திரியா, ஸ்லோவேனியா வின்யெட்டை (நெடுஞ்சாலை அனுமதிச் சீட்டு) முன்கூட்டியே வாங்கப் போனால் நம்பர் பிளேட் கேட்கிறது. வாடகைக் காரின் நம்பர் கையில் சாவி வரும்வரை தெரியாதே, என்ன செய்வது? ஸ்லோவேனியாவுக்கு ஒரு வார வின்யெட் போதுமா? ஐந்து பேருக்கும் பெட்டிகளுக்கும் 7 சீட்டர் பார்த்து வைத்திருக்கிறேன், அதில் ஏதாவது சிக்கல் உண்டா?

நாலாம்கியர்:
சாவி வாங்கியதும் பார்க்கிங்கிலேயே உட்கார்ந்து போனில் வாங்கிவிடுங்கள், பத்து நிமிட வேலை. ஆஸ்திரியாவின் 1 நாள், 10 நாள் டிஜிட்டல் வின்யெட்டுகள் வாங்கிய உடனே செல்லும். ஆன்லைனில் வாங்கினால் 18 நாள் காத்திருக்க வேண்டும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். அது 2 மாத, வருட வின்யெட்டுகளுக்கு.

அதற்கு முன் காரின் முன்பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். மியூனிக் வாடகைக் கார்கள் சிலவற்றில் ஆஸ்திரிய வருட வின்யெட் ஏற்கெனவே இருக்கும். ஸ்டிக்கர் இல்லாவிட்டாலும் டிஜிட்டலாக இருக்கலாம். ஆஸ்திரிய நெடுஞ்சாலை நிறுவனமான அஸ்ஃபினாக்கின் தளத்தில் நம்பரைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

10 நாள் வின்யெட் 2025 விலையில் 12.40 யூரோ. 1 நாள் 9.30. போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு 1 நாள் வாங்கினால்தான் நஷ்டம். வாங்கும் நாளையும் சேர்த்துத்தான் 10, ஆகவே உங்கள் 9ஆம் நாள் உள்ளே வந்துவிடும்.

நம்பர் அடிக்கும்போது நாடு ஜெர்மனி என்று இருக்கிறதா பாருங்கள். O எழுத்தும் 0 எண்ணும் மாறிப்போவதுதான் வழக்கமான தப்பு. கேமரா நம்பரைத்தான் படிக்கிறது. வழியில் கார் பழுதாகி வேறு கார் கொடுத்தால் அந்த நம்பருக்கு வின்யெட் இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

தேடலில் முதலில் வரும் விளம்பரத் தளங்கள் கமிஷன் சேர்த்து விற்கின்றன. ஆஸ்திரியாவுக்கு அஸ்ஃபினாக், ஸ்லோவேனியாவுக்கு அந்த நாட்டு நெடுஞ்சாலை நிறுவனமான தார்ஸ், இரண்டே இரண்டு தளம்தான்.

வரைபடப்பித்தன்:
ஸ்லோவேனியாவுக்கு ஒரு வாரம் போதாது. உங்கள் கணக்கில் முதல் இரண்டு நாளும் கடைசி ஞாயிறும் அங்கே ஓட்டுகிறீர்கள். சனிக்கிழமை தொடங்கும் வார வின்யெட் வெள்ளியோடு முடிந்துவிடும். 2025 விலையில் வாரம் 16 யூரோ, மாதம் 32. இரண்டு வாரம் வாங்கினாலும் ஒரு மாதம் வாங்கினாலும் ஒரே காசு, மாதத்தையே வாங்கிவிடுங்கள். இல்லாமல் மாட்டினால் அபராதம் 300 யூரோவில் தொடங்குகிறது, வாடகை நிறுவனம் தன் நிர்வாகக் கட்டணத்தையும் அதன்மேல் வைக்கும்.

7 சீட்டர் பற்றி: அங்கே 2ஏ, 2பி என்று இரண்டு வகுப்பு. சீட் எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முன் அச்சுக்கு நேர் மேலே வண்டியின் உயரம் 1.30 மீட்டருக்குக் கீழே என்றால் 2ஏ. ஃபோக்ஸ்வாகன் டூரான் மாதிரி வண்டி 2ஏ. கவுன்டரில் "இலவச அப்கிரேட்" என்று ஸ்ப்ரின்டர் போன்ற உயரமான வேனைத் தள்ளிவிட்டால் அது 2பி, வார விலையே இரண்டு மடங்கு. 2பி வண்டிக்கு 2ஏ வாங்கி ஓட்டினாலும் அபராதம் உண்டு. சந்தேகமான மாடல் என்றால் தார்ஸ் தளத்தில் பட்டியல் இருக்கிறது.

இனி மோஸ்டார். அதை இன்றே அழித்துவிடுங்கள். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனில் இருக்கிறது, அதனால் நான்கு நாட்டுக்கும் அப்பா அம்மாவின் ஒரே விசா போதும். போஸ்னியா ஷெங்கனில் இல்லை. அந்த எல்லையைத் தாண்டிய நிமிடமே சிங்கிள் என்ட்ரி தீர்ந்தது, திரும்ப குரோஷியாவுக்குள் விடமாட்டார்கள்.

மோஸ்டார் போகாவிட்டாலும் ஆபத்து ஒன்று இருக்கிறது. ஸ்ப்லிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போகும் பழைய கடலோரச் சாலை டி8, நேயூம் என்ற இடத்தில் போஸ்னியாவின் கடற்கரைத் துண்டுக்குள் புகுந்து வெளியே வரும். 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு அதற்குள் போகத் தேவையே இல்லை. ப்லோச்சே தாண்டி டி8இல் வரும்போது கோமார்னா அருகே பாலத்துக்குத் திரும்பும் வழி வரும், சுங்கம் கிடையாது. நேவிகேஷனில் டுப்ரோவ்னிக் என்று மட்டும் போடாமல் நடுவில் ஸ்டோன் ஊரை ஒரு நிறுத்தமாகச் சேருங்கள். பாதை தானாகப் பாலம் வழியே வரும். திரும்பும்போதும் அதே மாதிரி.

தெற்குவாசல்:
சனிக்கிழமை வெளிக்கிடுறது எண்டா ஒருக்கா யோசியுங்கோ தம்பி. ஜூலை, ஓகஸ்ட்டில சனிதான் எல்லாரும் விடுமுறை வீடு மாறுற நாள். ஒஸ்ரியாவின்ர ஏ10 நெடுஞ்சாலையில தவுர்ண் சுரங்கத்துக்கு முன்னாலயும், கராவங்கன் சுரங்கத்துக்கு முன்னாலயும் வாகனங்களை மறிச்சு மறிச்சுத்தான் விடுவினம். ஞாயிறோ திங்களோ வெளிக்கிடேலாதெண்டா விடிய 4 மணிக்கு முதல் றோட்டில நிக்கவேணும்.

நேவிகேஷன் "20 நிமிசம் மிச்சம், இறங்கு" எண்டு சொன்னாலும் ஏ10இல இருந்து இறங்காதேங்கோ. கோடை வார இறுதியில சால்ஸ்பூர்க் மாநிலத்துக் கிராம றோட்டுகள் கடந்துபோற வாகனங்களுக்குத் தடை. இறங்குற இடத்திலயே பொலிஸ் நிண்டு திருப்பி விடும்.

இந்தச் சுரங்கங்களுக்கு வின்யெட்டுக்கு மேலால தனிக் காசு கட்டவேணும். தவுர்ணும் காட்ஷ்பெர்க்கும் ஒரே கட்டணம், கராவங்கனுக்கு வேறை. கராவங்கன் கிட்டத்தட்ட 8 கிலோமீற்றர். போகேக்க ஒஸ்ரியாப் பக்கம் கட்டுவீங்கள், வரேக்க ஸ்லோவேனியாப் பக்கம். அஸ்ஃபினாக்கில முதலே வாங்கினாத் தனி லேனில கமரா நம்பரைப் பாத்து விடும். ஆனா அவையிட்டை வாங்கினதை ஸ்லோவேனியாப் பக்கத்துக்கும் சேர்த்து நினைச்சுப்போடாதேங்கோ.

நெரிசலில நிண்டா ரெற்றுங்ஸ்காஸ: வேகம் குறையத் தொடங்கின உடனே அம்புலன்ஸுக்கு நடுவில வழி விடவேணும். வலக்கையைக் கவிழ்த்து வைச்சுப் பாருங்கோ. பெருவிரல்தான் இடது கரை லேன், அது இடப்பக்கம் ஒதுங்கும். மற்ற விரல் எல்லாம் வலப்பக்கம். ரெண்டு லேனோ நாலு லேனோ இதுதான் கணக்கு. எல்லாம் நிண்டாப் பிறகு ஒதுங்க இடம் இராது.

இசார்க்கரை:
மோஸ்டார் அழித்தாயிற்று. நேயூம் விஷயம் தெரியவே தெரியாது, மிக்க நன்றி. ஷெங்கனுக்குள் எல்லைச் சோதனையே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். பாஸ்போர்ட்டுகளை வீட்டில் வைத்துவிட்டு நகல் எடுத்துப் போனால் போதுமா? குரோஷியாவில் வின்யெட் இல்லையா?

நாலாம்கியர்:
அசல் பாஸ்போர்ட் கட்டாயம். உங்களுக்கு பாஸ்போர்ட்டோடு ரெசிடென்ஸ் கார்டும் வேண்டும். உள் எல்லைகளில் தற்காலிகச் சோதனை நடக்கிறது: ஜெர்மனிக்குள் திரும்பும்போது வால்சர்பெர்க்கில், குரோஷியாவிலிருந்து ஸ்லோவேனியாவுக்குள் வரும்போது ஒப்ரெஷ்யேவில். அந்தச் சோதனையில் முத்திரை விழாது, என்ட்ரி கணக்கிலும் வராது, அப்பா அம்மா பயப்பட வேண்டாம். நீங்கள் திரும்புவது ஞாயிறு, அதனால் அந்த இரண்டு இடத்திலும் வரிசை இருக்கும். 1 மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

குரோஷியாவில் வின்யெட் கிடையாது, தூரத்துக்குக் காசு. ஸாக்ரெப் தாண்டி லுச்கோ சுங்கச்சாவடியில் டிக்கெட் எடுத்து, இறங்கும் இடத்தில் கட்டுவது. ஸ்ப்லிட்டுக்கு டுகோபோல்யேயில் இறங்க வேண்டும். கார்டு, யூரோ இரண்டும் எடுக்கும். டிக்கெட்டைத் தொலைத்தால் மிக நீண்ட தூரத்துக்கான கட்டணத்தைப் போடுவார்கள். பையனிடம் விளையாடக் கொடுக்க வேண்டாம். ஈஎன்சி என்று மட்டும் எழுதிய லேன், தானாகச் சுங்கம் கட்டும் சாதனம் வைத்திருப்பவர்களுக்கு, அதில் நுழைந்தால் பின்னால் வரும் அத்தனை பேரும் ஹாரன் அடிப்பார்கள். சுங்க முறையை மாற்றும் திட்டம் ஒன்று இருக்கிறது, அதனால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, குரோஷியா மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தை உதவாது, அனுமதி இல்லாத நாட்டில் இடித்தால் காப்பீடு செல்லாது. பிரீமியம் பிராண்டு கார்களைக் குரோஷியாவுக்கு விடாத நிறுவனங்கள் உண்டு, புக் செய்யும்போதே கேளுங்கள். முக்கோணம், முதலுதவிப் பெட்டி, மஞ்சள் வெஸ்ட் மூன்றும் இருக்கின்றனவா என்று டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வெஸ்ட் மட்டும் டிக்கியில் வேண்டாம், கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். பையனுக்கு 150 செ.மீ. வரை பூஸ்டர் சீட்.

வரைபடப்பித்தன்:
டுப்ரோவ்னிக்கிலிருந்து ஸாக்ரெப் ஒரே நாளில் 600 கிலோமீட்டர் வரும். பெரியவர்களுக்கு அது அதிகம். டுப்ரோவ்னிக்கில் ஒரு இரவைக் குறைத்து ஸாடாரில் வையுங்கள், இரண்டு நாளாகப் பிரியும்.

ஸாடார் தாண்டி வடக்கே மஸ்லெனிட்சா பாலம், ஸ்வெட்டி ரோக் சுரங்கம் வரும். புரா என்ற மலைக்காற்று பலமாக அடித்தால் அந்தத் துண்டை மூடுவார்கள், முதலில் பைக், கேரவன், உயரமான வண்டிகளுக்கு, பிறகு எல்லோருக்கும். கோடையில் அடிக்கடி நடப்பதில்லை. ஆனாலும் சுரங்கத்தை விட்டு வெளியே வரும்போது இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கட்டும்.

பெட்ரோல் போடும்போது பம்ப் நிறத்தை நம்ப வேண்டாம், நாட்டுக்கு நாடு மாறும். மூடியிலும் பம்பிலும் வட்டத்துக்குள் ஈ5, ஈ10 என்றால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றால் டீசல்.

இசார்க்கரை:
ஞாயிறு விடியற்காலைக்கு மாற்றிவிட்டேன், திங்கள் திரும்புகிறோம். அதே 9 நாள். ஸ்லோவேனியாவுக்கு மாத வின்யெட், நடு நிறுத்தம் ஸ்டோன், கடைசிப் பக்கம் ஸாடார். பெலிகன் மாதிரி வாயைத் திறந்து கிடக்கும் பெட்டிகளைத்தான் இனி குறைக்க வேண்டும்.

தெற்குவாசல்:
திங்கள் எண்டா நல்லது. ஸ்டோனில மலைமேலை ஓடுற மதில் 5 கிலோமீற்றருக்கு மேலை. அப்பாவை ஏத்தாதேங்கோ, கீழ உப்பளத்துப் பக்கம் காரை விட்டிட்டுப் பாத்தாலே தெரியும்.