அப்டேட்: ஏரிக்கரை மனையில மண் இன்னும் இறங்குது

போன தடவை கேட்டிருந்தேன்ல, பள்ளமான களிமண் மனையில ஒன்றேகால் மீட்டர் கிராவல் கொட்டி ரோலரும் ஓட்டியாச்சு, உடனே வீடு ஆரம்பிக்கலாமான்னு? "ஒரு ரெண்டு மழைக்காலம் பாருங்க"ன்னு சொன்ன எல்லாருக்கும் நன்றி, நீங்க சொன்னதுதான் சரி.

நடுவுல நட்ட கம்பியில கோடு போட்டு, பக்கத்து பழைய கிணத்துச் சுவரை வச்சு டியூப் லெவல்ல (தண்ணி நிரப்பின டியூப் வச்சு மட்டம் பார்க்குறது) பார்த்துட்டே வந்தேன். முதல் 2 மாசத்துல 2 செ.மீ., 8 மாசம் முடிஞ்சப்போ மொத்தம் 4 செ.மீ. வேகம் குறையுது, ஆனா நிக்கல.

சாயில் டெஸ்ட்ல 4 மீட்டர் ஈரக்களி, அடியில மணல். இன்ஜினியர் சொன்னது மனசுல நின்னுச்சு: கொட்டின பாரத்தை முதல்ல தாங்குறது மண் இல்ல, மண்ணுக்குள்ள இருக்குற தண்ணி. அது மெல்ல மெல்ல கசிஞ்சு மேலயும் கீழயும் வெளியேற வெளியேறத்தான் பாரம் மண்துகள் மேல இறங்கும், களி அமுங்கும். ரோலர் மேல இருக்குற கிராவலைத்தான் இறுக்குச்சு, களியை ஒண்ணும் பண்ணல. களி அடுக்கு ரெண்டு மடங்கு தடிமனா இருந்தா அமுங்குற காலம் நாலு மடங்காம், மண் பொறியியலோட முன்னோடி டெர்சாகி 1925லயே எழுதி வச்சிருக்காரு.

மொத்தம் 8 செ.மீ. வரைக்கும் இறங்கலாம், முக்கால்வாசிக்கு மேல முடியவே ரெண்டு வருஷம் தாண்டும்ங்கிறாரு இன்ஜினியர். பைல் (ஆழமா இறக்குற கான்கிரீட் தூண்) போட்டாலும் இறங்குற களி பைலையும் சேர்த்து கீழ இழுக்கும், அதையும் கணக்குல சேர்க்கணுமாம். நான் இன்னொரு மழைக்காலம் பார்க்கப் போறேன், அளவு மாசாமாசம் போடுறேன்.