பேட்டில்டெக்: ஃபிளாஷ்பாயிண்ட் வாங்கியும் வரைபடத்தில் வரவில்லை, அடுத்து எதை வாங்கலாம்?

கரிசல்காட்டான்:
வணக்கம். 2018இல் வந்த பேட்டில்டெக் கணினி விளையாட்டை ஆடுகிறேன். கதையில் பாதி தாண்டியாயிற்று. என் மெக்குகள் (ஆள் உள்ளே அமர்ந்து ஓட்டும் ராட்சதப் போர் இயந்திரங்கள்) பிளாக்ஜாக், செஞ்சுரியன், ஷேடோ ஹாக் மூன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. போன வாரம் ஃபிளாஷ்பாயிண்ட் என்ற விரிவாக்கம் (தொடர் சண்டைகளாக வரும் குறுங்கதைகள்) வாங்கினேன். இறங்கிவிட்டது என்றுதான் காட்டுகிறது, ஆனால் நட்சத்திர வரைபடத்தில் ஒன்றுகூட வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி ஏற்றியும் பார்த்தேன். இன்னும் ஒரு விரிவாக்கத்துக்குத்தான் காசு இருக்கிறது. அர்பன் வார்ஃபேரா, ஹெவி மெட்டலா? லேப்டாப்பில் 8 ஜிபி ராம்.

செங்கால்நாரை:
கோளாறு எதுவும் இல்லை நண்பா. கதையாக ஆடும்போது, முதன்மைக் கதை முடிந்த பிறகுதான் ஃபிளாஷ்பாயிண்ட் திறக்கும். இப்போதே வேண்டுமென்றால், முதன்மைக் கதை இல்லாத கெரியர் முறையில் புதிதாகத் தொடங்குங்கள். அதில் ஆட்டத்துக்குள் ஓடும் 1200 நாளுக்குத்தான் மதிப்பெண் கணக்கு. பழைய ஆட்டம் சேமித்தபடியே இருக்கும், பயம் வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனம். சில ஃபிளாஷ்பாயிண்ட்களில் இரண்டு சண்டைக்கு நடுவே பழுது பார்க்க நாள் கிடைக்காது. செஞ்சுரியனின் வலது கை போனால் அதிலிருக்கும் ஏசி/10 பீரங்கியும் போய்விடும். அடுத்த சண்டைக்கு வேறு மெக் கொட்டகையில் தயாராக நிற்க வேண்டும்.

மழைக்காகம்:
என் ஓட்டு ஹெவி மெட்டலுக்கு. அதில் வரும் 75 டன் மராடர் ஒன்றே போதும். தலையைக் குறிபார்த்துச் சுடும்போது மற்ற மெக்குகளைவிட அதற்கு வாய்ப்பு அதிகம். தலைக்குள் இருக்கும் விமானி செத்தால் எதிரி மெக் நொறுங்காமல் விழும், 3 பாகமும் மிஞ்சும். ஒப்பந்தம் பேசும்போதே காசைக் குறைத்து சால்வேஜை (சண்டைக்குப் பின் நமக்குக் கிடைக்கும் உடைசல் பங்கை) ஏற்றிக்கொண்டால் ஒரே சண்டையில் முழு மெக் கைக்கு வந்துவிடும். எனக்கு முதல் அட்லஸ் மெக் அப்படித்தான் கிடைத்தது. அன்று இரவு தூக்கமே வரவில்லை!

செங்கால்நாரை:
நானும் ஹெவி மெட்டலையே சொல்வேன். அர்பன் வார்ஃபேரும் அருமையானதுதான். கட்டடத்தின் மேல் நிற்கும் மெக்கைச் சுடாமல் கட்டடத்தைச் சுட்டே கீழே தள்ளலாம். ஆனால் என் 8 ஜிபி லேப்டாப்பில் நகர வரைபடம் ரொம்பத் திணறியது. ராம் கூட்டிய பிறகு வாங்குங்கள். அப்புறம், ரோக்டெக் மாட் (ரசிகர்கள் மாற்றியமைத்த வடிவம்) ஆடும் எண்ணம் இருந்தால் மூன்று விரிவாக்கமும் தேவை. அப்படியென்றால் தள்ளுபடியில் மொத்தமாக வாங்குவதுதான் லாபம்.

கரிசல்காட்டான்:
மிக்க நன்றி இருவருக்கும். கெரியர் தொடங்கி ஆட்டத்துக்குள் சில மாதம் ஓட்டியதும் முதல் ஃபிளாஷ்பாயிண்ட் வந்துவிட்டது! மாட் இப்போதைக்கு வேண்டாம். சம்பளம் வந்ததும் ஹெவி மெட்டல்தான்.