இன்டெல் மேக்கை விட்டு இப்போது மாறலாமா?

வணக்கம். மொரிஷியஸ் ரோஸ் ஹில்லிலிருந்து எழுதுகிறேன். காவடிப் பாடல்களை வீட்டிலேயே பதிவு செய்கிறேன். இருப்பது 2020 இன்டெல் சிப் ஐமேக், லாஜிக் புரோ என்ற இசைப்பதிவு மென்பொருள். இன்டெல் மேக்குகளுக்கு டாஹோதான் கடைசி மேக்ஓஎஸ். சரி, மாறித்தான் ஆகவேண்டும்.

என் பயமெல்லாம் தவில், நாதஸ்வர சாம்பிள்கள் (பதிவு செய்த ஒலித்துணுக்குகள்) பற்றித்தான். அவை ஓடுவது ஒரு பழைய இன்டெல் பிளக்இன்னில் (லாஜிக்கோடு சேர்ந்து ஓடும் துணை மென்பொருள்); செய்தவர்கள் அதைப் புதுப்பிப்பதையே விட்டுவிட்டார்கள். ஐந்து வருட உழைப்பு அதில் இருக்கிறது. புதிய ஆப்பிள் சிப்பில், ரோசெட்டா 2 (இன்டெல் மென்பொருளை ஆப்பிள் சிப்பில் ஓடவைக்கும் வசதி) வழியாக, இப்படிப்பட்ட பிளக்இன் தடுமாறாமல் ஓடுகிறதா? லேட்டன்சி, அதாவது வாசிப்பதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையிலான தாமதம், கூடுகிறதா? ரோசெட்டாவும் நெடுநாள் இருக்காதே, எல்லாவற்றையும் இப்போதே ஆடியோவாக மாற்றி வைத்துவிடவா?

அப்புறம் மெமரி. பின்னால் கூட்ட முடியாது. 60 டிராக்குக்கு 16 ஜிபி போதுமா, 24 வாங்கவா? மாறியவர்கள் சொல்லுங்கள். தைப்பூசத்துக்குமுன் பதிவை முடிக்கவேண்டும், கோவில் பிள்ளைகள் பாடத் தயாராக இருக்கிறார்கள்.