புதுப் பள்ளிக்கு 9 மீட்டர் சாலை எதற்கு?

கணக்கர்:
போன இழையில் "9 மீட்டர் சாலை போடாமல் பள்ளிக்கு அடிக்கல்லே நாட்டக் கூடாது" என்று அளவுகோல் எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 6 மீட்டர் தாராளம். 200 மீட்டர் நீளத்துக்கு 3 மீட்டர் கூடுதல் என்றால் 600 சதுர மீட்டர். வகுப்பறை ஒன்றுக்கு 60 என்று வைத்தால் பத்து வகுப்பறை சாலைக்கே போய்விடுகிறது. பள்ளி கட்ட வாங்கும் கடனைத் தாரில் கொட்டச் சொல்பவருக்குத் திட்டமிடல் நிபுணர் என்று பட்டம் வேறு!

அளவுகோல்:
பட்டம் நான் கேட்கவில்லை ஐயா. வகுப்பறையை மாடியில் கட்டலாம், சாலையைக் கட்ட முடியாது. பேருந்து ஒன்று சுமார் 2.5 மீட்டர் அகலம். எதிரெதிரே இரண்டு வந்தால் அதிலேயே 5 போச்சு, நடுவில் இடைவெளி வேண்டும், ஓரத்தில் பிள்ளைகள் நடக்க வேண்டும், மழைநீர் ஓட வேண்டும். 9 குறைந்தபட்சம்.

தெருமுனை:
ஒரு சின்னக் கேள்வி. இந்த 9 மீட்டரில் நடைபாதையும் வடிகாலும் அடக்கமா, இல்லை வண்டி ஓடும் பகுதி மட்டுமா?

கணக்கர்:
பத்து வகுப்பறைக்குப் பதில் வரவில்லை, மாடிக்குப் போய்விட்டார். மாடி கட்டினால் செலவு கூடாதா? படிக்கட்டு, தூண், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் சாய்தளமோ மின்தூக்கியோ, இதெல்லாம் யார் பணம்? இரண்டு பேருந்தும் ஒரே நேரத்தில் ஏன் வர வேண்டும்? ஒருவழியாக உள்ளே வந்து வேறு வாசலில் வெளியேறட்டும். 6 போதும்.

நடைவழி:
அகலச் சாலை போட்டால் வண்டிகள் பறக்கும். நடப்பவர்களும் வண்டிகளும் அடிக்கடி கலக்கும் இடங்களில் பொதுவாக மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று சாலைப் பாதுகாப்புக்கான 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனமே சொல்கிறது. இத்தாலியின் போல்சானோவில் 1989இலேயே பள்ளி தொடங்கும், முடியும் நேரங்களில் வாசல் தெருவை வண்டிகளுக்கு மூட ஆரம்பித்துவிட்டார்கள். நாம் இங்கே 6, 9 என்று ஏலம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அளவுகோல்:
தீப்பிடித்தால் போல்சானோவிலிருந்து வண்டி வருமா அக்கா? சர்வதேசத் தீயணைப்பு விதித்தொகுப்பு கேட்பது தடையில்லாத 20 அடி, அதாவது 6.1 மீட்டர். முட்டுச்சந்து 150 அடிக்கு மேல் போனால் வண்டி திரும்ப இடமும் விட வேண்டும். கணக்கரின் 6 அதிலேயே தோற்றுவிட்டது.

கணக்கர்:
ஆஹா, 10 சென்டிமீட்டரில் ஜெயித்துவிட்டார்! அதைக் கொடுத்துவிடுகிறேன், மீதி 2.9 மீட்டர் எதற்கு? நடைபாதை வேண்டாம் என்று நான் எங்கேயாவது சொன்னேனா? 6 மீட்டர் தார், அதற்கு வெளியே நடைபாதை, அது தனிக் கணக்கு. இவர் கேட்கும் 9 வீண்.

தெருமுனை:
அப்படியானால் இருவரும் கேட்பது கிட்டத்தட்ட…

கணக்கர்:
தம்பி, நடுவில் புகாதீர்கள். அகலத்தைவிடப் பெரிய கேள்வி, சாலைக்குப் பணம் யார் தருவது? பள்ளிக்கென்று வாங்கும் கடனை இருபது, முப்பது வருடம் மக்கள்தான் வரியாகக் கட்டுகிறார்கள். அந்தச் சாலையால் இரண்டு பக்கமும் உள்ள மனைகளின் விலை ஏறும். ஏற்றம் மனைக்காரருக்கு, கடன் பள்ளிக்கு, இது என்ன நியாயம்? சாலைக்கான பணத்தை மனை பிரித்து விற்பவர்களிடம் வாங்குங்கள். அதையும் வீடுகள் விற்ற பிறகு தருவோம் என்று இழுக்க விடாமல் அனுமதி கொடுக்கும்போதே வாங்குங்கள். ஏனென்றால் குடிவருபவர்களின் பிள்ளைகளுக்கு முதல் நாளே பள்ளி வேண்டும். கட்டிடத்துக்குக் கடன் கிடைக்கும், ஆசிரியர் சம்பளத்துக்கு எவன் தருவான்? அது வருடா வருடம் வர வேண்டிய பணம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் 9 மீட்டர் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு அந்தப் பக்கம் மனை இருக்குமோ என்று சந்தேகம் வருவது இயற்கை.

அளவுகோல்:
இது அபாண்டம். எனக்கு அங்கே ஒரு சாண் நிலம்கூட இல்லை. எழுதியதைத் திரும்பப் பெறுங்கள்.

நடைவழி:
பள்ளியை ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு அதற்குச் சாலை தேடுவதுதான் முதல் கோளாறு. 1929இல் அமெரிக்கத் திட்டமிடலாளர் கிளாரன்ஸ் பெர்ரி வகுத்த குடியிருப்பு அமைப்பில் பள்ளி நடுவில் இருக்கும், பெருஞ்சாலைகள் எல்லையில் நிற்கும். நடந்தே போகும் பிள்ளைக்கு 9 மீட்டர் எதற்கு?

அளவுகோல்:
நடுவில் வைத்தாலும் சிமெண்ட் லாரி பறந்து வராது. கட்டுமானத்துக்கே சாலை முதலில் வேண்டும், அதைத்தான் அடிக்கல்லுக்கு முன் என்றேன். 9.

கணக்கர்:
லாரிக்குத் தற்காலிகப் பாதை போதும். நடைவழி சொல்வதை நான் எதிர்க்கவில்லை, ஆனால் வாங்கியாகிவிட்ட நிலத்தை நடுவுக்கு நகர்த்த முடியாது. இருக்கிற நிலத்தில் 6.

அளவுகோல்:
மனை விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள். நூலகக் கட்டிட விவாதத்திலும் இப்படித்தான் என்மேல் சேறு வாரி இறைத்தீர்கள்.

கணக்கர்:
நூலகத்தில் நான் கேட்ட பராமரிப்புச் செலவுக் கணக்கை நீங்கள் இன்றுவரை தரவில்லை. அதைத் தாருங்கள், மனையைப் பற்றி அப்புறம் பேசலாம்.