கார்பன் போட்ட தொட்டியில் சேர்க்கும் சத்துகள் வீணாகின்றனவா?

சிங்கை_உவர்நீர்:
வணக்கம். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடொன்றில் 200 லிட்டர் பவளத் தொட்டி வைத்திருக்கிறேன். தோல் பவளங்களும் ஒரு மாண்டிபோராவும் சில யூஃபிலியாக்களும் (இவ்விரண்டும் கல் போன்ற எலும்புக்கூடு கட்டும் பவளங்கள்) அதில் வளர்கின்றன. கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் (பைகார்பனேட் முதலியவற்றால் வரும் காரத்தன்மை) கரைசல்களை அளந்து விடும் டோசிங் பம்ப் நாள்தோறும் ஒரே அளவில் சேர்க்கிறது. அவற்றைத் தவிர லூகால்ஸ் அயோடின், நுண்தனிமக் கலவை, அமினோ அமிலக் கரைசல் ஆகியவற்றை வாரம் இருமுறை நானே கையால் விடுகிறேன்.

தண்ணீர் மஞ்சளித்து வந்ததால் அண்மையில் சம்பில் (நீரை வடிகட்டும் துணைத் தொட்டி) ஆக்டிவேட்டட் கார்பனை, அதாவது நுண்துளைகள் நிறைந்த கரியை, ஒரு பையிலிட்டு வைத்தேன். நீர் நன்றாகத் தெளிந்துவிட்டது. ஆனால் அடுத்த ஒரு வாரத்தில் ஆல்கலினிட்டி 8.4 டிகேஎச்சிலிருந்து (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு) 7.0க்கும், கால்சியம் 430 பிபிஎம்மிலிருந்து 420க்கும் இறங்கிவிட்டன. நாம் சேர்ப்பதையெல்லாம் கார்பன் உறிஞ்சிவிடும் என்றும், ஒன்று கார்பனை வைக்க வேண்டும் அல்லது சத்துகளைச் சேர்க்க வேண்டும், இரண்டும் கூடாது என்றும் கடைக்காரர் சொல்கிறார். அது சரியா?

மணல்திட்டு:
கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. நல்லது எது, கெட்டது எது என்று கார்பன் பார்ப்பதில்லை. நான் மாதத்தில் சில நாட்கள் மட்டும் கார்பனை ஓட்டிவிட்டு, அந்த நாட்களில் நுண்தனிமங்களை நிறுத்திவிடுவேன். தொட்டி நன்றாகவே இருக்கிறது.

கரைசல்காரர்:
நண்பர் மணல்திட்டு சொல்வது அயோடினுக்குப் பொருந்தும். கால்சியத்துக்கும் ஆல்கலினிட்டிக்கும் பொருந்தாது. இவ்விரண்டையும் ஒரே கூடையில் போடுவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

கார்பன் ஒரு சல்லடையன்று. ஒரு கிராம் கார்பனில் பல நூறு சதுர மீட்டர் பரப்பு நுண்துளைகளாக மடிந்து கிடக்கிறது. நீரில் நிலைகொள்ள விரும்பாத கரிமச் சேர்மங்கள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீரை மஞ்சளாக்கும் பொருட்களும், தோல் பவளங்கள் அண்டை அயலாரை அடக்கி வைப்பதற்காக வெளியிடும் டெர்பீன் வகை நச்சுகளும் அப்படிப்பட்டவை. கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் ஆகியவை மின்னூட்டம் பெற்று நீரோடு ஒன்றிக் கிடக்கும் அயனிகள். சோதனைக் குப்பியில் தெரியும் அளவுக்குக் கார்பன் அவற்றைப் பிடித்து வைப்பதில்லை.

உங்கள் எண்களே இதற்குச் சான்று. பவளம் கால்சியம் கார்பனேட்டால் எலும்புக்கூடு கட்டும்போது, 2.8 டிகேஎச் குறைந்தால் கால்சியம் ஏறக்குறைய 20 பிபிஎம் குறையும். உங்கள் தொட்டியில் 1.4க்குப் 10 குறைந்திருக்கிறது. அதாவது அதே விகிதம். சம்பிலோ ஹீட்டரிலோ வெண்படிவு விழுந்தாலும் இதே விகிதம்தான் வரும் என்பதால் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். படிவு எதுவும் இல்லையென்றால், தண்ணீர் தெளிந்து நீல ஒளி கூடுதலாக உள்ளே இறங்கியதால் பவளங்கள் வேகமாக வளரத் தொடங்கியிருக்கின்றன என்றே நான் கொள்வேன். டோஸைக் குறைக்கக் கூடாது, கூட்ட வேண்டும். நாளொன்றுக்கு 0.2 டிகேஎச் பற்றாக்குறை என்பது உங்கள் 200 லிட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிராம் சமையல் சோடாவுக்குச் சமம். இறங்கியதை ஒரே நாளில் ஏற்றிவிடாமல், நாளுக்கு அரை டிகேஎச் போல ஏற்றுங்கள். மாண்டிபோரா வெளிறுவதுபோல் தெரிந்தால் விளக்கின் வலிமையைச் சில நாட்கள் குறைத்து வையுங்கள்.

அயோடினின் கதை வேறு. கார்பனின் தரத்தை அளக்கவே அயோடின் எண் என்றோர் அளவுகோல் இருக்கிறது: ஒரு கிராம் கார்பன் எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கிறது என்பதே அது. லூகால்ஸில் இருப்பது தனி அயோடினும் அயோடைடும். கார்பன் பை இருக்கும் சம்பிலேயே அதை விட்டால், தனி அயோடினில் ஒரு பங்கு பவளத்தைச் சென்று அடையாமலே போகும். கடல்நீரில் அயோடின் மொத்தமே லிட்டருக்கு 0.06 மில்லிகிராம்தான், மீனுக்குப் போடும் உணவிலும் அது இருக்கிறது. அளந்து பார்க்காமல் துளிக்கணக்கில் விடுவதை நானாக இருந்தால் நிறுத்திவிடுவேன்.

நுண்தனிமக் கலவையில் இரும்பு போன்றவை கரிமச் சேர்மங்களோடு பிணைக்கப்பட்டிருந்தால் அவற்றில் ஒரு பகுதி கார்பனுக்குப் போகும். அமினோ அமிலங்களில் பெரும்பாலானவை நீரோடு ஒட்டும் சிறு மூலக்கூறுகள் என்பதால் இழப்பு குறைவு. பி12 போன்ற பெரிய வைட்டமின்கள் நன்றாகவே பிடிபடும்.

சிங்கை_உவர்நீர்:
மிக்க நன்றி ஐயா. படிவு எதுவும் இல்லை. அப்படியானால் கார்பனைத் தொடர்ந்து வைக்கலாமா? கையில் இருப்பது தேங்காய்ச் சிரட்டைக் கார்பன். தொட்டியில் மஞ்சள் டாங்க் என்ற மீன் ஒன்றும் உண்டு.

கொழும்பு_பவளம்:
சிரட்டைக் கார்பன் எங்கள் ஊர்ச் சரக்கு என்பதால் நானும் ஒரு வார்த்தை சொல்கிறேன். அதன் துளைகளில் பெரும்பாலானவை மிக நுண்ணியவை. சிறு மூலக்கூறுகளை அது அருமையாகப் பிடிக்கும். மஞ்சள் நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளுக்கு லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) கார்பனின் அகன்ற துளைகள் கூடுதலாக ஏற்றவை. ஆனால் லிக்னைட் எளிதில் பொடியும். டாங்குகளின் தலையிலும் பக்கக் கோட்டிலும் வரும் அரிப்புக்கும் லிக்னைட் கார்பன் தூளுக்கும் தொடர்பு காட்டிய சோதனை ஒன்று உண்டு. எனவே மஞ்சள் டாங்க் இருக்கும் வரை உங்கள் சிரட்டைக் கார்பனையே வைத்துக்கொள்ளுங்கள்.

வடிந்து வரும் நீரில் கருமை முற்றிலும் நிற்கும்வரை ஆர்ஓ நீரில் (சவ்வு வழியே வடித்துத் தூய்மையாக்கிய நீர்) அலசுங்கள். ஒரு கரண்டி கார்பனை ஒரு குவளை ஆர்ஓ நீரில் இரவு முழுதும் ஊறவிட்டு, மறுநாள் அந்நீரில் பாஸ்பேட் பாருங்கள். எண் ஏறினால் அந்தப் பொட்டலம் வேண்டாம். 100 லிட்டருக்கு 25 கிராமில் தொடங்குங்கள். மாற்றும் நாளை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தொட்டி நீரை ஒரு வெள்ளை வாளியிலும் புதிதாகக் கலந்த உப்புநீரை இன்னொன்றிலும் ஊற்றி, அருகருகே வைத்துப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் மாற்றலாம். என் தொட்டியில் அது மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருகிறது.

கரைசல்காரர்:
இதை ஏற்கிறேன். விட்டுவிட்டு வைப்பதைவிடச் சிறிய அளவில் எப்போதும் வைத்திருப்பதே மேல். தோல் பவளங்கள் இருக்கும்போது குறிப்பாக. நுண்தனிமக் கலவையையும் அமினோ அமிலத்தையும் சம்பில் விடாமல் காட்சித் தொட்டியிலேயே விடுங்கள். அந்நேரம் கார்பன் பையைச் சில மணி நேரம் எடுத்து, உலரவிடாமல் தொட்டி நீர் நிறைந்த குவளையில் வையுங்கள். கால்சியக் குழாயும் ஆல்கலினிட்டிக் குழாயும் ஒன்றையொன்று ஒட்டி இருந்தால் பிரித்து வையுங்கள், கலக்குமிடத்திலேயே படிந்துவிடும். அடுத்த வாரம் இரண்டு எண்களையும் எடுத்து இங்கே எழுதுங்கள். டோஸ் எவ்வளவு கூட்டலாம் என்று பார்ப்போம்.