சீரிஸ் போர்டில் 40 வாட் பல்பு நன்றாக எரிகிறது, 100 வாட் மங்கலாக இருக்கிறது: வயரிங் தவறா?

மின்மினி:
அயர்ன்பாக்ஸ், மிக்ஸி சோதிக்க ஒரு சீரிஸ் போர்டு (சோதிக்கும் பொருளோடு ஒரு பல்பைத் தொடராக இணைக்கும் பலகை) செய்தேன். பேஸ் (கரண்ட் வரும் ஒயர்), சுவிட்ச் வழியாக 100 வாட் குண்டு பல்புக்கு வருகிறது. அங்கிருந்து பிளக் பாயிண்ட், அதன் மறுமுனை நியூட்ரல். பாயிண்டில் 40 வாட் குண்டு பல்பை மாட்டினால் அதுதான் வெளிச்சமாக எரிகிறது. 100 வாட் பல்பில் இழை லேசாகச் சிவக்கிறது. இடம் மாற்றிப் போட்டாலும் அப்படியேதான். பெரிய பல்புதானே அதிகம் எரிய வேண்டும்?

பழைய ஒயர்மேன்:
வயரிங் சரியாகத்தான் இருக்கிறது தம்பி. பல்பில் எழுதியிருக்கும் வாட், 230 வோல்ட் முழுதாகக் கிடைத்தால் மட்டுமே பொருந்தும். தொடர் இணைப்பில் இரண்டிலும் ஒரே கரண்ட் ஓடும், வோல்டேஜ்தான் பிரியும். தடை எதில் அதிகமோ அதற்கே பெரிய பங்கு.

230-ஐ 230-ஆல் பெருக்கி வாட்டால் வகுத்துப் பாருங்கள். 100 வாட் பல்புக்கு 529 ஓம், 40 வாட்டுக்குச் சுமார் 1322 ஓம். இந்தக் கணக்கில் சிறியதற்கு 164 வோல்ட், பெரியதற்கு 66. மீட்டர் வைத்தால் 100 வாட் பல்பில் இன்னும் குறைவாகவே காட்டும். இழை சூடு குறைந்தால் தடையும் குறையும் அல்லவா, அதனால்தான்.

மின்மினி:
புரிந்தது அண்ணே. ஆனால் 750 வாட் அயர்ன்பாக்ஸை மாட்டினால் 100 வாட் பல்பு கிட்டத்தட்ட முழுதாக எரிகிறது. உள்ளே ஷார்ட்டா?

பழைய ஒயர்மேன்:
அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். அதன் தடை 70 ஓம்தான். 200 வோல்ட்டுக்கு மேல் பல்பே எடுத்துக்கொள்ளும், பெட்டி சரியாகச் சூடேறாது. ஷார்ட் என்றாலும் பல்பு கொஞ்சம்தான் கூடுதலாக எரியும், கண்ணால் பிரிப்பது கஷ்டம். பிளக்கைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 70-ஐ ஒட்டி வந்தால் உள்ளே சூடேறும் கம்பிச்சுருள் நன்றாக இருக்கிறது, பூஜ்யம் என்றால் ஷார்ட். அப்படியே பிளக்கின் எர்த் முனைக்கும் பேஸ் முனைக்கும் இடையிலும் வையுங்கள்; அங்கே இணைப்பே காட்டக் கூடாது.

ஊதா ஒயர்:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பல்பு எரியவில்லை என்பதற்காகப் பாயிண்டைத் தொட்டுவிடாதீர்கள். சுற்று முழுமையாகாதபோது கரண்ட் ஓடாது, பல்பில் வோல்டேஜ் இறங்காது. 230 வோல்ட்டும் பாயிண்டில் அப்படியே நிற்கும். அப்புறம், அந்த 100 வாட் இடத்தில் எல்இடி பல்பு போட வேண்டாம். அதற்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் இப்படிக் கரண்டைக் கட்டுப்படுத்தாது, மினுக்கத்தான் செய்யும்.

மின்மினி:
மீட்டரில் 71 ஓம், எர்த்தில் ஒன்றும் இல்லை. பெட்டியை அப்படியே மூடிவிட்டேன். நன்றி அண்ணே.